பத்து நிமிடம்

புறப்படும் முன், சேன் பியேர் கடற்கரையில்
ஒப்பந்தம் ஒன்று போட்டுக்கொண்டோம்:
யாருக்காகவும் யாரும் நிற்கக் கூடாது.
சொன்னவள் ரோஸ்மே. கைகொடுத்தவள் நான்.
இரவு பத்து மணி. ஆயிரக்கணக்கில் நெற்றி விளக்குகள்.
தீவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை
இனி மலைதான்.

அவள் சேந்தாந்த்ரேயில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
மார்பில் குத்திய எண் தாளில்
'வயாபூரி' என்று குடும்பப் பெயர்.
அது வையாபுரி என்றேன்.
ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்,
வாங்கப் போவதில்லை என்று தெரிந்தே
கடைச் செருப்புக்குள் காலை விடுவதுபோல.
பிறகு கழற்றி வைத்துவிட்டாள்.

நான் காரைக்கால்காரி.
துறைமுகத்தருகே ஒரு மருந்துக்கடையில் வேலை.
என் பிரெஞ்சில் பாதி, அவள் கிரியோலில் பாதி,
மீதிப் பேச்சு மூச்சுவாங்கல்.

சேற்றுக்குட்டை என்றே பெயர் வைத்த சமவெளியில்
முழங்கால்வரை இறங்கியது என் இடதுகால்.
வெளியே வந்தது கால் மட்டும்.
கையை விட்டுத் துழாவி
காலணியைத் தோண்டியெடுத்தாள்.
ஒப்பந்தம் என்னாச்சு என்றேன்.
"நான் எங்கே நின்றேன்? குனிந்தேன்."

சிலாவோஸில் சோறும் பருப்பும் சௌசௌவும்.
ஷூஷூ என்றாள். சௌசௌ என்றேன்.
இரண்டு வாய்க்கும் வழக்கின்றி
ஒத்துப்போன ஒரே சொல்.
அவள் குதிகால் கொப்புளங்களை ஊசியால் குத்தி
மருந்து தடவி ஒட்டுப்போட்டேன்.
நானும் நிற்கவில்லை. மண்டியிட்டிருந்தேன்.

கணவாய் ஏறி இறங்கினால்
தமரேன் மரக்காடு வரும் என்றார்கள்.
தமரேன் என்றால் புளி.
ஏற்றம் முழுக்க நாக்கில் நீர் ஊறிக்கொண்டே வந்தேன்.
பார்த்தால், மூடுபனியில் முதுகு வளைந்து
பாசி தொங்கும் வேறேதோ மரங்கள்.
பேருக்குக்கூட ஒரு பிஞ்சு இல்லை.
ஏமாந்து சிரித்தேன்.
சிரிப்பு அடங்குமுன் வாந்தி.

அதன்பிறகு தண்ணீரும் தங்கவில்லை.
நூறு அடிக்கு ஒரு மூடி உப்புநீர்.
அடிகளை அவள் எண்ணினாள்,
மூடியை அவள் நீட்டினாள்,
வாயை மட்டும் நான் திறந்தேன்.

மூன்றாம் இரவு
பாதையோரப் பாறைகளெல்லாம் வாடிக்கையாளர்கள்.
மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.
வரிசையில் வாங்க, வரிசையில் வாங்க என்று
அதட்டினேன்.
ரோஸ்மே திரும்பி என் முகத்தில் விளக்கடித்தாள்.
"எனக்குத் தூக்கம் தாங்கவில்லை.
பத்து நிமிடம். நீயும் சும்மா படு."
இவளால் நேரம் போகிறதே என்று
மனசுக்குள் திட்டியபடி விழுந்தேன்.

எழுப்பியபோது
தகட்டுப் போர்வை இரண்டும் என் மேலே.
அவள் படுத்த இடத்தில்
புல் நசுங்கியிருக்கவில்லை.

நான் எதுவும் கேட்கவில்லை.
கேட்டால் உட்கார்ந்திருந்தேன் என்பாள்.

மறுநாள், கருங்கல் பாவிய பழைய பாதையில்
அவள் வலது முழங்கால் மடங்க மறுத்தது.
ஏற்றத்தில் இழுத்துக்கொண்டு வந்தவள்
கடைசி இறக்கத்தில் முன்பக்கமாக ஓரடி வைக்க முடியவில்லை.
கீழே அரங்கத்தின் ஒலிபெருக்கி கேட்கிறது.
வாயிலை மூட ஐம்பது நிமிடம்.
போ, என்றாள். ஒப்பந்தம், என்றாள்.
பிறகு, என் பதிலுக்குக் காத்திராமல்
மலைக்கு முகம் காட்டித் திரும்பி
கோல் இரண்டையும் ஊன்றி
பின்பக்கமாக இறங்கத் தொடங்கினாள்,
பேருந்தை ரிவர்ஸ் எடுப்பதுபோல.

நான் அவளுக்குக் கீழே போய் நின்றேன்.
ஆமாம், நின்றேன்.
கையால் அவள் முதுகில் தட்டித் தட்டி
"வரலாம் வரலாம்... கல்லு இருக்கு,
லெஃப்ட் ஒடி, இன்னும் ஒடி... வரலாம், ரைட்!"
காரைக்கால் பேருந்து நிலையமே
என் தொண்டைக்குள் இருந்தது.
அத்தனையும் தமிழ்.
ஒரு கல்லும் இடறாமல் அவள் ஒடித்தாள்.

வால் குலுக்கி ஒரு தெக்-தெக் குருவி
எங்களோடு கல்லுக்குக் கல் தாவி வந்தது.
"ரைட்?" என்பாள் திரும்பாமல்.
"ரைட்," என்பேன்.

நிறுத்தவும் ஒரு சொல் உண்டு அந்த மொழியில்:
ஹோல்டான்.
அதை மட்டும் அவளுக்கு
நான் சொல்லித்தரவில்லை.